பழைய அஞ்சலட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பழைய படத் தபாலட்டைகளைப் பற்றியவையே மிகுதி என்பதால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். அட்டைகளில் உள்ள தனிமனிதர்களின் பெயர்களையும் வீட்டு முகவரிகளையும் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: லண்டன் ஹாரோவில் உள்ள ஒரு சாரிட்டி கடையில் வாங்கிய பழைய புத்தகத்துக்குள் ஒரு படத் தபாலட்டை இருந்தது. படத்தில் பிளாக்பூல் கடற்கரைச் சாலையும் வரிசையாக விடுதி வீடுகளும் தெரிகின்றன. ஒரு மாடி ஜன்னலுக்கு மேல் மையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தில் பச்சை நிற அரைப் பென்னி அஞ்சல்தலையும், 1909 ஆகஸ்ட் 31 தேதியிட்ட பிளாக்பூல் முத்திரையும், ஓல்டாம் நகரத் தெரு ஒன்றில் வசித்த திருமணமாகாத ஒரு பெண்ணின் முழுப்பெயரும், வீட்டு எண்ணும் உள்ளன. செய்தி இவ்வளவுதான்: “நலமாக வந்து சேர்ந்தோம். நேற்று மழை, இன்று வெயில். அம்மாவுக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்கிறது. குறி போட்டிருப்பது எங்கள் ஜன்னல். சனிக்கிழமை திரும்பிவிடுவோம். ஜே.” இவர்கள் யார், பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய வழி உண்டா? இணையத்தில் தேடினால் அதே பெயரில் பலர் வருகிறார்கள்.
(வாசகி, லண்டன்)

பதில்: வழி உண்டு. இப்படி ஓர் அட்டை கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் எழுதியவரைத் தேடித்தான் புறப்படுகிறார்கள். அவருடைய குரல்தானே நமக்குக் கேட்கிறது. ஆனால் எழுதியவர் தம்மைப் பற்றி விட்டுச்சென்றது ஒரே ஓர் எழுத்து. பெற்றவரோ பெயர், தெரு, வீட்டு எண், ஊர் எல்லாவற்றோடும் நம் முன் நிற்கிறார். அந்த அட்டையைக் கிழித்தெறியாமல் காப்பாற்றியவரும் அநேகமாக அவரோ அவருடைய வீட்டாரோதான். ஆகவே முகவரிக்குரிய பெண்ணையே முதலில் தேடுங்கள். அவர் கிடைத்துவிட்டால் ‘ஜே’ வெகுதூரத்தில் இருக்கமாட்டார்.

முத்திரைத் தேதியையே எடுத்துக்கொள்வோம். 1909 ஆகஸ்ட் 31 ஒரு செவ்வாய்க்கிழமை. லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ‘வேக்ஸ்’ எனப்படும் தனி விடுமுறை இருந்தது. அந்த நாட்களில் ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒருசேர மூடப்படும், ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போகும். ஓல்டாமுக்கு அது ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வரும். சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன்பு பெரும்பாலான ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த நாட்களில் ஒரு காசு வருமானம் கிடையாது. நம் ஊரில் தீபாவளிச் சீட்டு கட்டுவதுபோல, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சேமிப்புச் சங்கங்களில் பணம் போட்டு வைத்துத்தான் அந்தச் சில நாட்களைக் கடற்கரையில் கழித்தார்கள். ஆகவே சனிக்கிழமை கிளம்பி வந்து அடுத்த சனிக்கிழமை திரும்பும் ஓல்டாம் ஆலைக் குடும்பம் ஒன்றின் அட்டை இது என்று எண்ணுவதற்கு நல்ல இடம் இருக்கிறது.

அப்படியானால், ஊரே கிளம்பிப் போயிருந்த வாரத்தில் இந்தப் பெண் ஏன் வீட்டில் இருந்தார் என்ற கேள்வி எழ வேண்டும். அவர் ஆலையில் வேலை செய்யாமல் கடையிலோ வேறொருவர் வீட்டிலோ பணியாற்றியிருக்கலாம். நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொருவருக்கும் சேர்த்துச் செலவழிக்கக் குடும்பத்தால் முடியாமல் போயிருக்கலாம். இவற்றில் எதையும் அட்டை சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆவணம் வேறொன்று உண்டு: 1911 ஏப்ரல் 2 அன்று எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அட்டை எழுதப்பட்ட பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு வந்த கணக்கெடுப்பு என்பதால், பலர் இன்னும் அதே வீட்டில் இருந்திருப்பார்கள். அதில் தேடும்போது பெயரைக் கொண்டு தேடாமல், தெருவையும் வீட்டு எண்ணையும் கொண்டு தேடுங்கள். காரணம் இரண்டு. பெயரை இன்றைய கணினிக்குப் படியெடுத்தவர் பிழையாகப் படித்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, அந்தப் பெண் அங்கே வேலைக்காரியாகவோ வாடகைக்குத் தங்கியவராகவோ இருந்தால், குடும்பத் தலைவரின் பெயர் வேறாக இருக்கும்; குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால், சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்திற்குள் போய்ச் சேருவீர்கள். ஒரே பெயரில் பலர் வருகிறார்கள் என்றீர்கள். முகவரி பொருந்தாத எவரையும், பெயர் எவ்வளவு பொருந்தினாலும், ஏற்றுக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரங்களையும் துப்பாக மட்டுமே கருதுங்கள். ஒருவர் செய்த தவற்றை மற்றவர்கள் அப்படியே நகலெடுத்திருப்பது அவற்றில் சாதாரணம்.

1911ஆம் ஆண்டுப் படிவத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதற்கு முந்தைய இங்கிலாந்துக் கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கணக்கெடுப்பாளர் தம் பேரேட்டில் எழுதிக்கொண்ட நகல்கள். 1911இலோ வீட்டார் தங்கள் கையாலேயே நிரப்பிக் கையெழுத்திட்ட தாள்களே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ‘ஜே’ அதே வீட்டில் வாழ்ந்தவராகவும், படிவத்தை நிரப்பியவராகவும் இருந்தால், அட்டையின் கையெழுத்தையும் படிவத்தின் கையெழுத்தையும் அருகருகே வைத்து நீங்களே ஒப்பிடலாம். இரண்டும் ஒரே கை என்று தெரிந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. பொருந்தாவிட்டால் சோர வேண்டாம். குடும்பத் தலைவர் நிரப்பியிருப்பார், அட்டையை எழுதியவர் மகனாகவோ மகளாகவோ இருந்திருப்பார்.

அதே படிவத்தில், மணமான பெண்கள் ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகளாக மணவாழ்வில் இருக்கிறார்கள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்றும் கேட்டிருந்தார்கள். ஆலை நகரங்களின் படிவங்களில் அந்தக் கடைசி எண்ணைப் பார்க்க மனம் கனக்கும். உங்கள் அட்டையில் வரும் ‘அம்மா’வை இங்கேதான் தேட வேண்டும். அவர் 1911இல் அந்த வீட்டில் இல்லையென்றால், 1909 இறுதி முதல் 1911 தொடக்கம் வரையிலான இறப்புப் பதிவு அட்டவணையைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு பதிவாகி வருகின்றன. இறப்பு அட்டவணையில் 1866 முதல் வயதும் உண்டு. கடற்காற்று அவருக்கு ஒத்துக்கொண்டதா என்பதற்கு அந்த அட்டவணைதான் விடை தரும். இந்த அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்து ‘ஃப்ரீ பி.எம்.டி.’, ‘லங்காஷயர் பி.எம்.டி.’ ஆகிய தளங்களில் கட்டணமின்றித் தருகிறார்கள். ஓர் எச்சரிக்கை: ‘அம்மா’ என்ற சொல்லை மட்டும் வைத்து ஜேயும் அந்தப் பெண்ணும் உடன்பிறந்தவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். மருமகளும் மாமியாரை அப்படி அழைத்திருக்கலாம்.

ஜன்னலுக்கு மேல் போட்ட குறியும் வீண் அல்ல. ஒரு வட்டார நூலகர் அந்தப் படத்தைப் பார்த்தால் எந்தத் தெரு என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்; தெரு தெரிந்தால், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய அளவாய்வு வரைபடங்களிலும், அந்தக் காலத் தெரு விவரத் தொகுப்புகளிலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். விடுதி நடத்திய பெண்மணியின் பிறந்த ஊரை 1911 படிவத்தில் பாருங்கள். ஆலை நகரங்களிலிருந்து பிளாக்பூலுக்குக் குடிபெயர்ந்து விடுதி நடத்தியவர்கள் பலர்; தங்கள் ஊர்க்காரர் வீட்டில் தங்குவதையே குடும்பங்களும் விரும்பின. அவர் ஓல்டாமில் பிறந்தவர் என்று தெரியவந்தால், அங்கேயும் ஓர் உறவு இருந்திருக்கக்கூடும்.

இனி அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்க்கை. இங்கேதான் பெரும்பாலான தேடல்கள் அறுந்துபோகின்றன, ஏனென்றால் மணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் பதிவேடுகளில் மறைந்துவிடுகிறது. 1912ஆம் ஆண்டின் முதல் காலாண்டிலிருந்து திருமண அட்டவணையில் துணைவரின் குடும்பப் பெயரும் அச்சிடப்பட்டது. அவர் அதற்குப் பிறகு மணந்திருந்தால் உங்கள் வேலை எளிது. அதற்கு முன்பு என்றால், ஒரே பக்க எண்ணில் பதிவான பெயர்களை இணைத்துப் பார்த்து, சான்றிதழின் நகலை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒருவர் யாரிடம், எங்கே வேலை செய்தார் என்பதும் அதில் கேட்கப்பட்டதால், அவர் எந்த ஆலையில் நின்றார் என்பதுகூடத் தெரியவரலாம். ஏப்ரலில் நடக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு, தொழிலாளர் போராட்டச் சூழலால் ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. கோடை தொடங்கிவிட்டதால் கடற்கரை நகரங்களில் இருந்த விடுமுறைப் பயணிகளையும் அங்கேயே எண்ணினார்கள். எனவே வீட்டு முகவரியில் ஆள் இல்லையென்றால் பிளாக்பூல் விடுதிகளிலும் பாருங்கள்.

1931 கணக்கெடுப்பு 1942இல் ஏற்பட்ட தீயில் முழுவதும் அழிந்தது. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த நீண்ட இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதி முழுமையாக உண்டு. பின்னாளில் தேசிய மருத்துவ சேவையும் அதே பதிவேட்டைப் பயன்படுத்தியதால், பிறகு மணந்த பெண்களின் புதிய குடும்பப் பெயரை எழுத்தர்கள் பழைய பெயரின் மேலேயே எழுதி வைத்தார்கள். அலுவலக வசதிக்காகச் செய்த வேலைதான். ஆனால் தொலைந்துபோயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்களை அது நமக்கு மீட்டுத் தந்திருக்கிறது.

‘ஜே’ ஓர் ஆணாக இருந்து, அப்போது இளைஞராகவும் இருந்தால், முதல் உலகப் போரைத் தாண்டி வந்தாரா என்று பார்த்தே ஆக வேண்டும். மான்செஸ்டர் ரெஜிமென்டின் 10ஆம் பட்டாலியன் ஓல்டாம் நகரத்துத் தொண்டர்களைக் கொண்டது. 1915இல் கலிப்போலியில் போரிட்டது. போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் கடினம்: சாதாரணப் படைவீரர்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. தப்பியவை, கருகிய ஓரங்களோடு, லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கேள்வி: என்னிடம் உள்ள சில ஆங்கிலேயக் கடற்கரை அட்டைகளில் அஞ்சல்தலையை யாரோ பிய்த்தெடுத்துவிட்டார்கள், முத்திரையில் பாதிதான் இருக்கிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா? அட்டைகளை லேமினேட் செய்து வைக்கலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், சூடும் பசையும் சேர்ந்து பிறகு எடுக்கவே முடியாதபடி ஆகிவிடும். பாலியஸ்டர் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை, முகவரிப் பக்கத்தின் நடுவே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுத பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1902இல் அனுமதித்தது. அதற்கு முன் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது என்பதால், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். அஞ்சல்தலை ஒட்ட வேண்டிய கட்டத்தில் ‘அரைப் பென்னி’ என்று அச்சிட்டிருந்தால், அட்டை 1918 ஜூனுக்கு முன் அச்சானது. அந்த மாதம் கட்டணம் ஒரு பென்னி ஆனது, 1921இல் ஒன்றரைப் பென்னியாக ஏறி, அடுத்த ஆண்டே ஒரு பென்னிக்கு இறங்கி, 1940 வரை அப்படியே நின்றது. டண்டியைச் சேர்ந்த வாலன்டைன் நிறுவனத்தின் அட்டையானால், படத்தின் மூலையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் படத்தொகுப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, எண்ணைக் கொண்டு படம் பதிவான ஆண்டை அறியலாம். படத்தில் உள்ள கட்டடங்களும் உதவும்: பிளாக்பூல் கோபுரம் 1894இல் திறக்கப்பட்டது, அங்கிருந்த இராட்சத ராட்டினம் 1896 முதல் 1928 வரை நின்றது. ஆனால் இவை படம் எடுத்த காலத்தைத்தான் சொல்லும். விற்காமல் கடையில் கிடந்த அட்டையைப் பத்து ஆண்டுகள் கழித்தும் ஒருவர் வாங்கி எழுதியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உதகமண்டலத்துப் படத் தபாலட்டை ஒன்று கிடைத்தது. கோடைக்கு வந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், சென்னை எழும்பூரில் இருந்த இன்னோர் ஆங்கிலேயருக்கு எழுதியது. “மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரைக்கும் ரயிலிலேயே வந்தோம், ஆயாவுக்குத்தான் குளிர் தாங்கவில்லை” என்கிறார். தேதி அழிந்துவிட்டது. இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. தேட முடியுமா?
(வாசகர், குன்னூர்)

பதில்: ரயில் பற்றிய வரியே ஒரு தேதிதான். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது. உதகையை எட்டியது 1908இல். உங்கள் அட்டை அதற்குப் பிந்தையது. கோடையில் மாகாண அரசே உதகைக்கு இடம்பெயர்ந்த காலம் அது. எழும்பூர்க்காரர் அரசு அலுவலர் என்றால், ஆண்டுதோறும் வெளியான அலுவலர் பட்டியல்களில் அவர் பெயர் இருக்கும். சென்னைக்கும் தென்னிந்தியாவுக்குமாக லாரன்ஸ் அசைலம் அச்சகம் வெளியிட்டுவந்த விவரத் தொகுப்பையும் பாருங்கள்; கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. சென்னை மாகாணத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ‘ஃபிபிஸ்’ என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றில் பலவற்றுக்கு அட்டவணை தயாரித்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயக் குடும்பத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஆயாவை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது அதுதான். குளிரில் நடுங்கிய அந்தப் பெண்ணுக்கு அட்டையில் பெயர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு நெசவுத் தொழிலாளியின் வீட்டில் எத்தனை அறைகள் இருந்தன என்றுகூட நூறாண்டு கழித்துப் படிக்க முடிகிறது. இந்தியாவில் அதே 1911இல் கணக்கெடுப்பு நடந்தும், வீடுவீடாக எழுதிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை, தொகுத்த எண்கள் மட்டுமே அச்சில் நின்றன. ஆகவே அவரைத் தேட வேறு திசைதான் உண்டு. அட்டை எப்படியோ உங்கள் தாத்தாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தாத்தாவோ, அவருடைய தாயோ பாட்டியோ, எந்தத் துரை வீட்டிலாவது வேலை செய்தார்களா என்று குடும்பத்தின் மூத்தவர்களிடம் உடனே கேளுங்கள், பதிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் நற்சான்றுக் கடிதம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பணி முடிந்து போகும்போது துரைமார் எழுதிக் கொடுத்த அத்தகைய தாள்களைப் பல குடும்பங்கள் இன்றும் வைத்திருக்கின்றன. அதிலுள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றானால், நீங்கள் தேடும் ஆள் உங்கள் வீட்டுக்காரராகவே இருக்கலாம். பெட்டியில் உள்ள மற்றத் தாள்களையும், அவை இருந்த வரிசை மாறாமல், முதலில் புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1920களில் மார்கேட் கடற்கரையிலிருந்து அனுப்பப்பட்ட ஓர் அட்டையைத் தொடர்ந்து சென்று, அதைப் பெற்றவரின் பேத்தி இங்கிலாந்தில் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு எழுதலாமா? கண்டறிந்ததை இணையத்தில் வெளியிடலாமா?
(வாசகி, டொரன்டோ)

பதில்: எழுதலாம், வெளியிடுவதை அதுவரை நிறுத்தி வையுங்கள். நீங்கள் பதிவேடுகளில் பார்த்த சிலவற்றை அந்தக் குடும்பம் அறியாமலே இருக்கலாம்: திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை, மனநல மருத்துவமனையில் முடிந்த ஒரு வாழ்க்கை, சொல்லாமல் விடப்பட்ட முதல் மணம். முன்பின் அறியாத ஒருவர் எழுதும் முதல் கடிதத்திலேயே அவற்றைப் படிக்க நேர்வது கொடுமை. முதல் கடிதத்தில் நீங்கள் யார், அட்டை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லி, இரு பக்கங்களின் நகலையும் வைத்து, மேலும் அறிய விருப்பமா என்று மட்டும் கேளுங்கள். அவர் முகவரியை எப்படிக் கண்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள், அச்சம் குறையும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில், 1969க்கு முன் இறந்த ஒருவர் எழுதி, எங்கும் வெளியாகாதிருந்த எழுத்துகளுக்கு 2039 இறுதிவரை பதிப்புரிமை நீடிக்கிறது; அட்டை உங்களுடையதாக இருந்தாலும், அதில் உள்ள வாசகம் எழுதியவரின் வாரிசுகளுக்கு உரியது. உயிரோடிருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் எக்காரணம் கொண்டும் இணையத்தில் ஏற்றக்கூடாது.

பதில் வராவிட்டால், கடிதம் தவறியிருக்கக்கூடும் என்று கருதி, சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே அவருடைய பதில். அட்டை அவருக்கு வேண்டும் என்றால் மூலத்தையே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். வேண்டாம் என்றால், எந்தச் செய்தியை எந்த ஆவணத்தில் கண்டீர்கள் என்ற குறிப்பை ஒரு தாளில் தேதியோடு எழுதி அட்டையுடன் சேர்த்து வைத்துவிட்டு, அந்த வட்டார ஆவணக் காப்பகம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டு எழுதுங்கள்.